போர் முடிந்த பிறகு



திருவனந்தபுரத்தின் ஒரு புறத்தே பாங்கோடு என்றோர் இடம் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் படைகள் தங்கிய பாளையம் அது. சமஸ்தானம் மறைந்த பின்னர் அப்படைகள் இந்தியச் சேனையின் மதராஸ் ரெஜிமெண்டோடு இணைந்தன; பாளையம் இன்றும் இராணுவ முகாமாகவே இருந்து வருகிறது. அதற்கு அண்மையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. விடியற்காலையில் முகாமின் ஊதுகொம்பு ஒலிக்கும் முன்னரே எங்கள் வீட்டில் ஒரு சன்னல் சாத்தப்படும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சாத்தி வந்தவர் எங்கள் தாய்மாமன். ஏன் சாத்துகிறார் என்று எவரும் கேட்டதில்லை. பனிக்காற்று அவருக்கு ஆகாது என்று எங்கள் அன்னையார் சொல்வார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையானது. போர்க்களத்திலிருந்து மீண்டவர் நெஞ்சில் தங்கிவிடும் நடுக்கத்தையும் பழியுணர்ச்சியையும், தொலைக்காட்சியில் வரும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்கள் எவ்வாறு காட்டியிருக்கின்றன என்பது அது. விண்கலமும் வேற்றுக் கிரகமும் வரும் கதைக்கும், சன்னலைச் சாத்தும் முதியவருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அது நெடுநாள் தெரியாதிருந்தது.

முதலில் நம் வீட்டுப் பொருளை எண்ணிப் பார்ப்போம். போரைப் பாடுவதில் தமிழருக்கு நிகர் இல்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். உண்மைதான். ஆனால் போருக்குப் பிந்திய இரவைப் பாடியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். முல்லைப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார் பாசறையில் உறக்கம் கொள்ளாத ஓர் அரசனைக் காட்டுகிறார். ஒரு கை படுக்கையின்மேல் ஊன்றியிருக்க, ஒரு கை தலையைத் தாங்கியிருக்க, அவன் முந்திய நாளின் போரை நினைக்கிறான். புண்பட்ட யானைகளும், அம்பு தைத்து உணவு கொள்ளாமல் நிற்கும் குதிரைகளும், தன்பொருட்டு மாய்ந்தவர்களும் அவன் நினைவில் வருகின்றனர். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசன் நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்கு அலைய, சிலரோடு மட்டும் வெளியே வந்து புண்பட்ட வீரரை ஒருவர் ஒருவராகப் பார்த்து ஆற்றுகிறான். அடிபட்ட வீரரைத் தழுவிப் பேணுவதற்குத் 'தழிஞ்சி' என்று ஒரு துறையே வகுத்து வைத்தனர் நம் இலக்கண நூலார்.

பிற்காலத்தில் இந்தப் பக்கம் சுருங்கிவிட்டது என்றே சொல்லவேண்டும். கலிங்கப் போர் என்றவுடன் உலகுக்கு அசோகன் நினைவு வருகிறது. ஒரு இலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் தானே கணக்கிட்டு, அதற்காக வருந்துவதாகப் பொறித்தவன் அவன். அச்சாசனத்தைக் கலிங்க நாட்டுத் தௌலியிலும் ஜௌகடாவிலும் மட்டும் அவன் பொறிக்கவில்லை. அவ்விடங்களில் அதற்குப் பதிலாக வேறு சாசனங்கள் உள்ளன. வருத்தத்தை உலகறியச் சொன்னவன், அடிபட்டவர் முன்னிலையில் சொல்லவில்லை! இதே கலிங்கத்தை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு முதற் குலோத்துங்கனின் தானைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வென்றான். நமக்குக் கிடைத்தது கலிங்கத்துப்பரணி. பரணியில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. வருந்துபவர் ஒருவரும் இல்லை. கவிச்சுவைக்காக அதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். ஆயினும் ஒரு முறையேனும் தௌலிக்குச் சென்றுவிட்டுப் படிப்பது நல்லது.

பெரியபுராணத்தில் வரும் பரஞ்சோதியாரின் வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பல்லவனின் சேனாபதியாக வாதாபி நகரைத் துகளாக்கி மீண்டவர் அவர். அவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லக் கேட்டவுடன் அரசன் நடுங்குகிறான். இத்தகையவரைப் போர்முனைக்கு விட்டேனே என்று பிழை பொறுக்க வேண்டுகிறான். அவரோ, இது என் குலத்துக்கு உரிய தொழில்தானே, இதில் என்ன தீங்கு என்று விடை சொல்கிறார். குற்றவுணர்ச்சி அனுப்பியவன் நெஞ்சில் எழுகிறது. சென்றவர் நெஞ்சில் எழவில்லை. நாம் அறிந்த உலகத்தில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதமோ பத்துப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. வென்ற தருமன் அரசு வேண்டாம் என்று அழும் சாந்தி பருவத்தை அதில் காண முடியாது. பதினெட்டுப் பருவமும் தமிழில் நிரம்ப நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

இனி தொலைக்காட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் ராட் செர்லிங் என்றோர் எழுத்தாளர் இருந்தார். 1943-ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் படையில் சேர்ந்து, வான்குடை வீரராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்டுக் காயமுற்றவர். வாழ்நாள் முழுவதும் தீக்கனவுகள் அவரை விடவில்லை. எழுத வந்தபின் நாட்டின் நடப்பைத் தொலைக்காட்சி நாடகமாக்க முயன்றார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் வணிகர்கள் அஞ்சினர். 1956-இல் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் கொலையைத் தழுவி அவர் எழுதிய நாடகத்தை அடையாளமே தெரியாதபடி மாற்றிவிட்டனர். 1959-இல் 'டுவைலைட் ஸோன்' என்னும் விந்தைக் கதைத் தொடரை அவர் தொடங்கினார். செவ்வாய்க் கிரகத்தான் ஒருவன் வாயில் வைத்துச் சொன்னால் எந்த வணிகரும் கேள்வி கேட்பதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

அத்தொடரில் 1961 டிசம்பரில் வந்த ஒரு கதையைக் கேளுங்கள். 1945 ஆகஸ்ட் மாதம், பிலிப்பைன்ஸ் தீவுகள். ஒரு குகைக்குள் புண்பட்டும் பசித்தும் கிடக்கும் ஜப்பானியரைத் தாக்கி அழிக்கவேண்டும் என்று புதிதாக வந்த இளம் அமெரிக்க அதிகாரி துடிக்கிறான். களைத்துப்போன வீரர்கள் தயங்குகின்றனர். அவன் கையிலிருந்து தொலைநோக்கி நழுவி விழுகிறது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், ஆண்டு 1942. அவன் இப்போது ஒரு ஜப்பானிய அதிகாரி. குகைக்குள் கிடப்பவர்கள் அமெரிக்கர்கள். அவ்வளவுதான் கதை. இதை நேரான போர்க்கதையாக எழுத முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். பகைவன் உடம்பிற்குள் ஒருவனைப் புகுத்திவிடும் கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தை விந்தைக் கதைக்கே உரியது.

இங்கே எங்களுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. அகத்திணைப் பாடலில் எவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது விதி. பெயர் சொன்னால் அது அந்த ஒருவரின் கதையாகிவிடும். சொல்லாவிட்டால் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் உரியதாகிவிடும். மேலே சொன்ன நெடுநல்வாடையை அகம் என்பதா புறம் என்பதா என்று ஒரு வழக்கு உண்டு. பாட்டில் அரசன் பெயர் இல்லை. ஆனால் புண்பட்ட வீரரைச் சுட்டிக்காட்டும் வேலின் தலையில் வேப்பந்தழை சூட்டியிருப்பதாக ஒரு செய்தி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே பெயர் சுட்டியதாயிற்று, இது புறமே என்றார் நச்சினார்க்கினியர். விண்வெளிக் கதைக்காரர்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செய்வது வேப்பந்தழையைக் கழற்றும் வேலைதான். இது எந்த நாட்டுப் படை, எந்த ஆண்டுப் போர் என்ற அடையாளத்தை எடுத்துவிடுகிறார்கள். நெஞ்சு மட்டும் எஞ்சுகிறது.

எங்கள் ஊருக்கு விண்வெளி புதியதன்று. நகரத்திற்கு வடக்கே கடற்கரையில் உள்ள தும்பாவிலிருந்துதான் 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை இந்நாட்டின் முதல் ராக்கெட்டு மேலே சென்றது. நைக்-அப்பாச்சி என்பது அதன் பெயர். சோடியம் ஆவி வானில் செம்மஞ்சள் மேகமாகப் படர்ந்ததை ஊரே நின்று பார்த்தது. எங்கள் மாமாவும் மொட்டை மாடியில் நின்று பார்த்தார். 'நைக்' என்பது விமானங்களைச் சுட்டு வீழ்த்த அமைத்த ஏவுகணையின் பெயர். அதன் அடிப்பகுதியே இந்த ராக்கெட்டுக்கும் உந்து விசையாயிற்று. அதை அன்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தாம். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டார்.

1980-களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூரதர்ஷன் 'ஸ்டார் டிரெக்' தொடரைக் காட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். அதைத் தோற்றுவித்த ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். கலத்தின் எஞ்சினியராக நடித்த ஜேம்ஸ் டூகன் 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது துப்பாக்கிக் குண்டுக்கு ஒரு விரலை இழந்தவர். படம் பிடிக்கையில் அக்கையை மறைத்தே வைத்துக்கொள்வார். முன்னாள் வீரர்கள் நிறைந்த இந்த முதல் தொடரில் போரின் புண் அவ்வளவாக வெளியே தெரியாது. டூகனின் கையைப் போலவே அதுவும் சட்டத்திற்கு வெளியே இருந்தது எனலாம்.

அதன் வழிவந்த தொடர்களில்தான் புண் திறந்தது. வியட்நாம் போர் முடிந்து, திரும்பிய வீரர் பலர் உறக்கமின்றித் திரிவதை மருத்துவர்கள் கண்டு, 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் அந்நிலையைத் தம் நோய்ப் பட்டியலில் சேர்த்தனர். முதல் உலகப் போரில் இதையே 'ஷெல் ஷாக்' என்றனர். குண்டின் அதிர்ச்சி மூளையைக் கலக்கிவிட்டது என்ற எண்ணத்தில் பிறந்த பெயர். 1990-இல் வந்த ஒரு 'ஸ்டார் டிரெக்' கதையில் ஆங்கோசியா என்றொரு கிரகம். அமைதியை விரும்பும் நாகரிக மக்கள். போர் வந்தபோது தம் இளைஞரை மருந்தாலும் பயிற்சியாலும் மாற்றிக் கொலைத்திறன் மிக்க வீரராக்கினர். போர் முடிந்ததும் அவ்வீரர் ஊருக்குள் இருப்பது நாகரிகத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே ஒரு சந்திரனில் குடியமர்த்தினர். உணவும் இடமும் எல்லா வசதியும் உண்டு. வெளியேற மட்டும் அனுமதி இல்லை. நன்றி மறத்தலை இத்தனை மரியாதையாகச் செய்ய முடியும் என்பதை அக்கதை காட்டிற்று.

1998-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற தொடரில் நாக் என்னும் இளம் வீரன் போரில் ஒரு காலை இழக்கிறான். செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. மருத்துவர் பார்வையில் குறை எதுவும் இல்லை. அவன் மட்டும் நொண்டுகிறான். மாயக் காட்சி அறை ஒன்றில் அமைந்த 1962-ஆம் ஆண்டுச் சூதாட்ட நகரத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வெளியே வர மறுக்கிறான். நடந்ததற்கு முந்திய ஒரு காலத்தில் ஒளிந்துகொள்ளும் ஆசையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நாங்கள் கண்டதில்லை. தனக்கும் சாவு வரும் என்பதை அன்றுதான் அறிந்தேன், அஞ்சுகிறேன் என்று இறுதியில் அவன் சொல்கிறான். அப்பாத்திரத்தில் நடித்த ஆரன் ஐசன்பர்க், போரிலிருந்து மீண்ட வீரர்கள் தம்மைத் தேடிவந்து நன்றி கூறியதுண்டு என்று சொல்லியிருக்கிறார்.

குறையையும் சொல்லவேண்டும். இத்தகைய தொடர்களில் நோய் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அடுத்த வாரம் வீரன் சிரித்துக்கொண்டு வருகிறான். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடர் 2005-இல் மீண்டும் தொடங்கியபோது அதன் நாயகனுக்கு ஒரு பெரும் பழி இருந்தது: ஒரு மாபெரும் போரை முடிக்கத் தன் இனத்தையும் பகைவர் இனத்தையும் ஒருங்கே அழித்தவன் அவன். எட்டு ஆண்டுகள் அவன் முகத்தில் அந்த நிழல் இருந்தது. கதைக்கு அதுவே உயிர். 2013 நவம்பரில், தொடரின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு எழுதிய கதையில், காலத்தில் பின்னோக்கிச் சென்று அந்த அழிவையே நடவாமல் செய்துவிட்டனர். பலர் மகிழ்ந்தனர். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. எழுதிய கணக்கை அழிப்பான் கொண்டு அழித்தாற்போல் இருந்தது. கால இயந்திரம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

குடிபுகுந்த நாட்டின் இலக்கியத்தை நம்மவர் போதிய அளவு படிப்பதில்லை என்பது எங்கள் நெடுநாளைய குறை. மலையாளத்தில் 'பட்டாளக் கதைகள்' என்று ஒரு பிரிவே உண்டு. நந்தனார், கோவிலன், பாறப்புறத்து ஆகியோர் படையில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிவிட்டு எழுத வந்தவர்கள். பாறப்புறத்து எழுதிய 'நிணமணிஞ்ஞ கால்ப்பாடுகள்' என்ற நாவல் 1963-இல் திரைப்படமாயிற்று. எங்கள் ஊர்க்காரரான நடிகர் மது முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான், ஒரு படைவீரனாக. நந்தனாரின் 'ஆத்மாவின்றெ நோவுகள்' சிப்பாய்களின் அன்றாடத்தை அணு அணுவாகக் காட்டும். அவர் 1974-இல் தம் கையாலேயே தம் உயிரை முடித்துக்கொண்டார். தமிழில் இதற்கு இணையாகச் சட்டென்று நினைவுக்கு வருவது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவில் அலையும் தமிழனின் கதை, 1972-இல் வெளிவந்தது. எங்கள் மாமா இவையனைத்தையும் படித்திருந்தார். அவருடைய அலமாரியில் வேறு நாவல் எதுவும் இருந்ததில்லை என்பதை அவர் மறைந்த பின்னரே கவனித்தோம்.

அவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 1921-இல் கரமனையில் பிறந்தார். இருபது வயதில் இராணுவத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். துப்பாக்கியால் எவரையும் சுட்டதில்லை. சுடும்படி எவரும் அவரைக் கேட்கவும் இல்லை. 1946-இல் விடுபட்டு வந்து, ஓர் அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. போரில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், "பெயர் எழுதினேன்" என்பார். அதை நாங்கள் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம்.

2004-ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்த எங்கள் தம்பி மகன் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் முதலாண்டுத் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். மழைக்காலத்து மாலை ஒன்றில் அதில் ஒரு கதையைப் போட்டான். 'டூயட்' என்பது அதன் பெயர், 1993-இல் வந்தது. பஜோர் என்ற கிரகத்தைக் கார்டேசியர் என்போர் ஆண்டு, முகாம்களில் மக்களை அடைத்து வேலை வாங்கிக் கொன்றிருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு ஒரு கார்டேசியன் அங்கே வந்து பிடிபடுகிறான். அவனுக்கு உள்ள நோய் அந்த முகாமில் இருந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. நான் வெறும் கோப்பு எழுத்தன் என்கிறான். விசாரிக்கும் கீரா என்ற பெண், அம்முகாமைக் கண்ணால் கண்டவள், அவள் நம்பவில்லை. பிறகு, ஆம், நானே அம்முகாமின் தலைவன், உங்களைக் கொன்றதில் பெருமைப்படுகிறேன் என்று அவன் கொக்கரிக்கிறான். இன்னும் விசாரித்தால் உண்மை வெளியாகிறது. அந்தத் தலைவன் என்றோ இறந்துவிட்டான். இவன் மெய்யாகவே எழுத்தன்தான். தன் முகத்தை அத்தலைவன் முகமாக மாற்றிக்கொண்டு, தூக்கிலிடப்படவென்றே வந்திருக்கிறான். இரவுகளில் கேட்ட ஓலத்தைத் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த கோழை நான், என் இனம் தன் பழியை ஒப்புக்கொள்ள எவனாவது கூண்டில் நிற்கவேண்டாமா என்று அழுகிறான். கீரா அவனை விடுவிக்கிறாள். வெளியே வந்ததும், கார்டேசியன் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவன் அவனைக் குத்திக் கொல்கிறான்.

கதை முடிந்தது. மின்விளக்கைப் போட எவருக்கும் தோன்றவில்லை.

"அவன் காதையாவது பொத்திக்கொண்டான்," என்றார் மாமா.

எங்களுக்கு விளங்கவில்லை. "என்ன மாமா?" என்று கேட்டோம்.

அன்றிரவு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியரில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் தாயகம் நோக்கி நடந்தனர். தமிழர் மிகப் பலர். காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். சிண்ட்வின் ஆற்றின் துறை ஒன்றில், படகில் ஏற்றத்தக்கவர் பட்டியலை வைத்திருந்தவர் எங்கள் மாமா. இன்னாரை முதலில் ஏற்று, இன்னாரைப் பிறகு என்று மேலிருந்து விதி வரும். வயது இருபத்தொன்று. ஒரு மாலையில், பட்டியல் நிறைந்து கோடு கிழித்த பின்னர், இரு குழந்தைகளோடு ஒரு பெண் வந்து நின்றாள். அதிகாரியிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு இவரிடம் தமிழில் பேசினாள். இராமநாதபுரத்துப் பேச்சு. தமிழ்க் குரல் கேட்டதும் தமக்கு மகிழ்ச்சியாக இருந்ததாம். அந்த மகிழ்ச்சியைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை என்றார்.

"நாளைக்குக் காலையில் வாங்க அம்மா, முதல் பேராகப் போடுகிறேன் என்றேன். மறுநாள் படகு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். விடியுமுன் கொம்பு ஊதினான், நாங்கள் புறப்பட்டுவிட்டோம்."

மருத்துவர் ஜானதன் ஷே வியட்நாம் வீரர்களிடையே பல்லாண்டு பணியாற்றி, 1994-இல் எழுதிய நூலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். கண்டதனால் வரும் நடுக்கம் வேறு. சரியென்று அறிந்ததற்கு மாறாக நடக்க நேர்ந்ததனால், அல்லது நடக்கும்படி மேலோர் செய்ததனால், நெஞ்சில் விழும் புண் வேறு. இரண்டாவதற்கு மருந்து எழுதித் தர முடியாது. அதை அறத்தில் பட்ட புண் என்று தமிழில் சொல்லலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பனிக்காற்று என்று பெயர் வைத்திருந்தோம்.

அறுபத்திரண்டு ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். சொன்னால் நீங்கள் என்னைத் தேற்றுவீர்கள், அப்போது சின்ன வயது, விதிப்படி நடந்தீர்கள், உங்கள் மேல் தவறில்லை என்பீர்கள், அதைக் கேட்க எனக்குத் திராணியில்லை என்றார். நாங்கள் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தோம். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மகன் மட்டும், "தாத்தா, அந்தப் பட்டியலில் இருந்த பெயர்கள் நினைவிருக்கிறதா?" என்று கேட்டான். சற்று நேரம் கழித்து, எழுதிக்கொள் என்றார்.

முத்துக்கருப்பன், மனைவி, ஒரு பிள்ளை. ஆறுமுகம், தாயார். ஊர் தெரிந்தவற்றுக்கு ஊரும் சொன்னார். மூன்று நாள் மாலைகளில் நாற்பத்தொரு பெயர்கள் வந்தன. அவற்றில் எத்தனை சரி, எத்தனை முதுமையின் கலக்கம் என்பதை நாங்கள் அறியோம். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. பட்டியல் நிறைந்துவிட்டபடியால் அவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லையாம்.

மாமா 2005-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மறைந்தார். அந்தக் கடைசி மாதங்களில் சன்னலைச் சாத்தினாரா என்று சிலர் எங்களைக் கேட்டதுண்டு. சாத்தினார்.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இந்தப் பேச்சைக் கேட்கும் தமிழ்க் குடும்பங்களில், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கக்கூடும். 1942-ஆம் ஆண்டுக் கோடையில் சிண்ட்வின் துறையில் இரு குழந்தைகளோடு ஒரு படகைத் தவறவிட்டு, வேறு வழியாகக் கரை சேர்ந்த பாட்டியாரைப் பற்றி உங்கள் வீட்டில் எவரேனும் சொல்லக் கேட்டிருந்தால், இந்நிலையத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் கைக்கு வந்து சேரும். நாற்பத்தொரு பெயர் எழுதிய தாள்கள் எங்களிடம் இருக்கின்றன. கடைசித் தாளின் அடியில் அவர் ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறார்.